உயில் எழுதாமல் மறைந்த வியாபாரி

சேரன்மகாதேவி வயல்களுக்குத் தாமிரபரணியின் நீரைக் கொணரும் கன்னடியன் கால்வாயைப் பற்றி, இவ்வட்டாரத்து முதியோர் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. கன்னட நாட்டைச் சேர்ந்த பிரமசாரி ஒருவர், மன்னன் ஒருவனிடம் பெரும் பொருளைத் தானமாகப் பெற்றார். அதைத் தூக்கிக்கொண்டு தல யாத்திரை செய்ய இயலாதென்று கருதி, அம்பாசமுத்திரத்தில் ஒருவரிடம் நம்பி ஒப்படைத்துவிட்டுச் சென்றார். திரும்பி வந்து கேட்டபோது, வைத்த பொருளுக்குப் பதிலாக வேறொன்று அவர் கையில் தரப்பட்டது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. வழக்கு மன்னன் வரை சென்ற பின்னரே உண்மை வெளிப்பட்டது. மீண்ட பொருளைக் கொண்டு அவர் வெட்டுவித்ததே இக்கால்வாய் என்று கதை முடிகிறது.

இக்கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்று ஆராய்வது நம் நோக்கமன்று. நம்பிக்கை எவ்வளவு பெரியதாயினும், எழுத்து இல்லாவிடில் பொருள் தடுமாறிப் போகும் என்னும் பாடம் ஒன்றே நமக்குப் போதும். அந்தப் பிரமசாரிக்கு மனைவி மக்கள் இல்லை; தம் பொருளை ஊருக்கு வாய்க்காலாக விட்டுச் சென்றார். ஆனால் மனைவியும் மக்களும் உடன்பிறந்தாரும் உள்ள ஒருவர், வீடும் கடையும் வியாபாரமும் உள்ள ஒருவர், ஒரு வரியும் எழுதி வைக்காமல் கண்மூடிவிட்டால் என்ன நேரும்? இந்தியக் கிறிஸ்தவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய உண்மை வரலாறு ஒன்று இதற்கு விடை தருகிறது.

பெல்லாரி வியாபாரி

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் பெல்லாரி சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊராக இருந்தது. இன்று அது கர்நாடக மாநிலத்தில் உள்ளது. அங்கே ஆங்கிலேயரின் பெரிய படைமுகாம் ஒன்று இருந்தது. அந்நகரில் வாழ்ந்தவர் மத்தேயு ஆபிரகாம். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய முன்னோர் சில தலைமுறைகளாகக் கத்தோலிக்கர். அவரோ பின்னாளில் புரோட்டஸ்டாண்டு சபையில் சேர்ந்தார்.

கையில் முதல் இல்லாமல் வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். உழைப்பினாலும் ஊக்கத்தினாலும் படிப்படியாக உயர்ந்தார். கடை வைத்தார், சாராயம் வடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தார், பெரும் செல்வரானார். அவர் செய்த தொழில் நம் உள்ளத்துக்கு உவப்பானதன்று. ஆயினும் சாதியின் பெயரால் எல்லாக் கதவுகளும் அடைக்கப்பட்டிருந்த ஒருவர், தம் உழைப்பால் அந்நிலையை அடைந்தார் என்பதை மறுக்க இயலாது.

1820-ஆம் ஆண்டில் சார்லட் என்னும் பெண்ணை அவர் மணந்தார். ஆங்கிலேயத் தந்தைக்கும் போர்த்துக்கீசிய வழி வந்த தாய்க்கும் பிறந்தவர் சார்லட். அவர்களுக்கு ஆண்மக்கள் இருவர் பிறந்தனர். மத்தேயுவுக்குப் பிரான்சிஸ் என்றொரு தம்பி உண்டு. தம்பியை அண்ணன் அரவணைத்துத் தம் தொழிலில் சேர்த்துக்கொண்டார். தம்பியும் உடனிருந்து உழைத்தார். ஒரே குடும்பம், ஒரே தொழில், ஒரே வரவு செலவு என்று வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கு எவ்வளவு என்று கேட்க அன்று எவருக்கும் தோன்றவில்லை.

1842-ஆம் ஆண்டில் மத்தேயு இறந்தார். உயில் எழுதி வைக்கவில்லை.

இருபத்தோரு ஆண்டுகள்

அண்ணன் மறைந்தபின் தொழிலைத் தம்பியே நடத்தி வந்தார். சில ஆண்டுகளில் அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் இடையே மனத்தாங்கல் தோன்றியது. அது வளர்ந்து வழக்காயிற்று. சொத்து முழுவதும் தம் கணவர் தேடியது. அது தமக்கும் தம் மக்களுக்குமே உரியது என்றார் சார்லட். நாங்கள் பாகம் பிரியாத கூட்டுக் குடும்பத்தார்; இந்து சட்டப்படி அண்ணனோடு எனக்கும் சமபங்கு உண்டு என்றார் பிரான்சிஸ்.

தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருந்த ஒரு குடும்பத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும்? இந்துக்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. முகமதியருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆங்கிலேயருக்கு அவர்கள் நாட்டுச் சட்டம் இருந்தது. மாகாண ஊர்களில் வாழ்ந்த இந்தியக் கிறிஸ்தவருக்கென்று எழுதப்பட்ட வாரிசுச் சட்டம் அன்று இல்லை. ஆகவே அக்குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் நீதிமன்றத்தில் விரித்து வைக்கப்பட்டது. அவர்கள் எத்தகைய உடை உடுத்தினர், யாரோடு பழகினர், எந்தப் பழக்கவழக்கங்களைப் பின்பற்றினர் என்றெல்லாம் சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். ஒரு வீட்டின் அடுக்களையும் கூடமும் பிறர் பார்வைக்குத் திறந்து விடப்பட்டன. அவ்வீட்டுப் பெண்மணிக்கு அது எத்தகைய வேதனையாக இருந்திருக்கும்!

சென்னையிலிருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் தம்பியின் பக்கம் சாய்ந்தது. சார்லட் சோர்ந்துவிடவில்லை. வழக்கு கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1863-ஆம் ஆண்டில் இறுதித் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவராக மாறிய ஒருவரை இந்து சட்டம் தொடர்ந்து கட்டுப்படுத்தாது. அவர் விரும்பினால் பழைய வழக்கத்தைப் பின்பற்றலாம், விரும்பாவிடில் விட்டுவிடலாம். அவருடைய வாழ்க்கை முறையே அதைக் காட்டும் என்று அந்நீதிமன்றம் கூறியது. பிறப்பினால் சமபங்கு என்ற தம்பியின் வாதம் தள்ளப்பட்டது.

கணவர் இறந்து 21 ஆண்டுகள் கழித்து வந்தது இத்தீர்ப்பு. சார்லட் வென்றார் என்று சட்ட நூல்கள் சொல்கின்றன. ஆனால் அந்த இருபத்தோரு ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுத்தார்? தம்பியைக் கொடியவர் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் நமக்கு மனம் வரவில்லை. அவரும் பல ஆண்டுகள் உழைத்தவரே. அந்த உழைப்புக்கு என்ன பங்கு என்பதை அண்ணன் தெளிவாக எழுதியிருந்தால், மனைவியின் உரிமையும் நிலைத்திருக்கும்; தம்பியின் மனமும் நிறைந்திருக்கும். அண்ணன் இருவரையும் நேசித்தார். ஆயினும் இருவருக்காகவும் எதையும் எழுதி வைக்கவில்லை.

ஓர் ஒப்புமை

நமக்கு அருகில் உள்ள மற்றொரு வியாபாரியை இங்கு நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். 1877-ஆம் ஆண்டில் நம் திருக்குறுங்குடியில் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். 1911-இல் பஸ் போக்குவரத்துத் தொழிலில் இறங்கிய அவர், தம் புதல்வர்களைத் தொழிலில் பழக்கினார். நிறுவனத்தின் பெயரிலேயே 'சன்ஸ்' என்று அவர்களைச் சேர்த்துக்கொண்டார். முதுமையில் பொறுப்பை ஐந்து புதல்வர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி வாழ்ந்தார். 1955-இல் கொடைக்கானலில் காலமானார். தம் கண்முன்னேயே பிறர் கையில் பொறுப்பைத் தரும் மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அது வாய்த்த இடத்தில் தொழிலும் தழைக்கிறது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

ஆபிரகாம் குடும்ப வழக்கு முடிந்த இரண்டே ஆண்டுகளில், 1865-இல், இந்திய வாரிசுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1925-இல் அது விரிவாக்கித் தொகுக்கப்பட்டது. இன்றும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டுச் சட்டமே. அதன் முக்கிய விதிகள் நம்மில் பலருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டாரின் வழக்கத்தைப் பார்த்து நமக்கும் அதுவே சட்டம் என்று எண்ணிவிடுகிறோம்.

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. எஞ்சிய இரு பங்கும் பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் என்றும் மகள் என்றும் வேறுபாடு இல்லை. மகன் ஒருவன் முன்னரே இறந்திருந்தால், அவன் பங்கு அவன் பிள்ளைகளைச் சேரும். மனைவி இறந்தால் அவள் சொத்தில் கணவனுக்கும் இதே அளவு உரிமை உண்டு.

"மகளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனி அவளுக்கு என்ன பங்கு?" என்று கேட்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் மறையவில்லை. முன்னரே ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கும் விதி இச்சட்டத்தில் இல்லை. மேற்கு மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு, அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றது அது. மேரி ராய் என்னும் கிறிஸ்தவப் பெண்மணி தொடுத்த வழக்கில், அச்சட்டம் இனிச் செல்லாது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி, மனத்தை உறுத்தும் இரண்டு விதிகளைக் கவனியுங்கள்.

முதலாவது: இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால், அவரைப் பெற்ற தாய்க்கும் தந்தைக்கும் இச்சட்டப்படி பங்கு எதுவும் இல்லை. மகனுக்காகத் தன் நிலத்தை விற்றுக் கடை வைத்துக் கொடுத்த தாய், மகன் திடீரென மறைந்தால், மருமகளின் தயவையும் பேரப்பிள்ளைகளின் தயவையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியவளே.

இரண்டாவது: பிள்ளையில்லாத தம்பதியருள் கணவன் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்குப் பாதியே கிடைக்கும். மறுபாதி கணவனின் தந்தைக்கு; அவர் இல்லாவிடில் தாய்க்கும் உடன்பிறந்தோருக்கும் செல்லும். இருவரும் சேர்ந்து கட்டிய சிறு வீட்டில் பாதியை அவள் பிறருக்குப் பிரித்துக் கொடுக்க நேரிடும்.

இவ்விரண்டு துன்பங்களையும் ஒரு தாள் தடுத்துவிடும். அத்தாளே உயில்.

மற்றொன்றும் அறிந்துகொள்ள வேண்டும். பாட்டன் சொத்தில் பேரனுக்குப் பிறப்பிலேயே உரிமை என்பது கிறிஸ்தவருக்குப் பொருந்தாது. தந்தை தம் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம். மனைவிக்கு இவ்வளவு விட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இச்சட்டத்தில் இல்லை. இத்துணை அதிகாரத்தைச் சட்டம் குடும்பத் தலைவர் கையில் தந்திருப்பதனால், அதை நீதியோடு பயன்படுத்தும் கடமை அவருடைய மனச்சான்றைச் சேர்ந்ததாகிறது.

கடை வைத்திருப்போருக்கு

'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பது நம் பழமொழி. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடைகள் நம் பங்குகளில் பல உண்டு. பெரும்பாலானவற்றில் கூட்டு ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்காது. 1932-ஆம் ஆண்டுக் கூட்டு வாணிபச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், பங்காளர் ஒருவர் இறந்தவுடன் அக்கூட்டு முடிந்துவிடும். இலாபத்தில் யாருக்கு எவ்வளவு என்று எழுதப்படாவிடில், சட்டம் அனைவருக்கும் சமபங்கு என்றே கொள்ளும். ஒருவர் முதல் போட்டிருப்பார். மற்றவர் இரவு பகலாக உழைத்திருப்பார். அவர்கள் மனத்தில் இருந்த கணக்கு வேறாக இருக்கலாம்; மனத்தில் உள்ளதை நீதிமன்றம் எவ்வாறு படிக்கும்?

கடை யார் பெயரில் உள்ளது, முதல் யாருடையது, கடன் எவ்வளவு, வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அது இருக்கும் இடத்தை மனைவிக்குச் சொல்லி வையுங்கள். கணவன் இறந்தபின், கடன்பட்டவர் எவரும் வருவதில்லை. கடன் கொடுத்தவர் மட்டும் முதல் வாரத்திலேயே வாசலில் நிற்கிறார் என்று விதவைகள் கண்ணீர் விடுவதை நாம் கேட்டதில்லையா?

வங்கிக் கணக்கில் நியமனதாரராக ஒருவர் பெயரை எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். அவர் பணத்தை வங்கியிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அப்பணம் வாரிசுகள் அனைவருக்கும் உரியதே.

உயில் எழுதுவது எவ்வாறு?

பலர் அஞ்சுவதுபோல் இது கடினமான காரியமன்று. பதினெட்டு வயது நிறைந்து, தெளிந்த அறிவோடு இருக்கும் எவரும் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை; வெள்ளைத்தாளே போதும். எழுதியவர் கையொப்பமிட வேண்டும். அதைக் கண்ட சாட்சிகள் இருவர் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். சாட்சியாகவோ, சாட்சியின் கணவன் அல்லது மனைவியாகவோ இருப்பவருக்கு அவ்வுயிலில் எழுதிய பங்கு செல்லாது. ஆகவே பங்கு பெறாத அயலாரையே சாட்சிகளாகக் கொள்ளுங்கள். பங்குகளை நிறைவேற்றி வைக்க நம்பிக்கையான ஒருவரை நியமியுங்கள்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து வைத்தால் பின்னர் ஐயம் எழ இடமிராது. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். கடைசி உயிலே செல்லும். திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு செல்லாததாகிவிடும் என்பதையும் மறவாதீர்கள். கிறிஸ்தவரின் உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துச் சான்று பெற்றாக வேண்டும் என்றிருந்த கட்டாயம் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. சிக்கலான சொத்து உடையோர் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது நன்று.

ஆலயத்துக்கோ ஏழைகளுக்கோ எழுதி வைக்க விரும்புவோருக்கு முன்பு ஒரு தடை இருந்தது. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்னரே அத்தகைய உயிலை எழுதி, ஆறு மாதங்களுக்குள் முறைப்படி ஒப்படைத்திருக்க வேண்டும் என்றது 118-ஆம் பிரிவு. அருட்தந்தை ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில், 2003-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கிவிட்டது. ஆயினும் தன் வீட்டில் விதவையும் வயோதிகத் தாயும் வறுமையில் வாட, பெயர் விளங்க வேண்டுமென்று ஆலயத்துக்கு எழுதி வைப்பது பக்தியாகாது. முதலில் நீதி, பின்னரே தருமம்.

நன்மரணத்துக்கு ஆயத்தம்

லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒருவன் ஆண்டவரிடம் வருகிறான். தன் சகோதரன் பாகம் தரவில்லை என்று முறையிட்டு, நடுவராக இருக்கும்படி கேட்கிறான். ஆண்டவர் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரித்து, களஞ்சியத்தைப் பெரிதாக்க எண்ணி அன்றிரவே உயிர்நீத்த செல்வனின் உவமையைச் சொல்கிறார். அச்செல்வன் சேர்த்தவை யாருக்கு ஆகும் என்னும் கேள்வியோடு அவ்வுவமை முடிகிறது. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அக்கேள்வி இன்றும் நிற்கிறது.

திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட சுற்றுமடலில், தன் மக்களின் வருங்கால வாழ்வுக்கு வழிசெய்து வைப்பது தந்தையின் இயற்கையான கடமை என்றும், அதற்கு உடைமையும் மரபுரிமையும் துணை என்றும் கற்பித்தார். ஆகவே உயில் எழுதுவது அவநம்பிக்கையின் அடையாளமன்று. இல்லறக் கடமையின் நிறைவேற்றமே ஆகும்.

நாம் நாள்தோறும் நன்மரணத்தைக் கேட்டுப் புனித சூசையப்பரை மன்றாடுகிறோம். அவரும் ஒரு தொழிலாளர். ஒரு சிறு பட்டறையின் தலைவர். நன்மரணத்துக்கு ஆயத்தம் என்றால் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் நோயில்பூசுதலும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை முதன்மையானவை, ஐயமில்லை. ஆனால் நாம் போனபின் நம் மனைவியும் மக்களும் உடன்பிறந்தோரும் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேச வழி செய்வதும் அந்த ஆயத்தத்தைச் சேர்ந்ததே. கல்லறைத் திருநாளில் ஒரே கல்லறைக்கு முன் அண்ணன் ஒருபுறமும் தம்பி மறுபுறமும் தனித்தனியே மெழுகுவர்த்தி ஏற்றிச் செல்லும் காட்சியை நாம் கண்டதில்லையா?

கன்னடியன் கால்வாயில் நீர் நிறைய வந்தாலும், மடை இல்லாவிடில் வயலுக்கு வயல் சண்டையே மிஞ்சும். மடையை வெள்ளம் வருமுன் கட்ட வேண்டும். குடும்பத் தலைவர்களே, தலைவியரே, இவ்வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். செபமாலை சொல்லி முடித்தபின், கணவனும் மனைவியும் அமர்ந்து பேசுங்கள். முதியவளான தாயை நினையுங்கள். மணமாகிப் போன மகளை நினையுங்கள். உடனிருந்து உழைத்த தம்பியை நினையுங்கள். பின்னர் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்குங்கள்.